தாய்வீட்டு மெஷின்

அத்தியாயம் 17

"நான் கையெழுத்துப் போட்டாச்சு கௌசி. இனி உன் பாடு."

போன வாரம் மகாராஜா இதைச் சொன்ன இடம் சாலை என்னும் கடைத்தெரு. காந்திமதி தியேட்டர் வாசலில், டிக்கெட்டுக்கு நின்ற இருபது பேர் காதில் விழும்படி சொன்னார். சொல்லிவிட்டுக் காரில் ஏறி, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அவர் தங்கை கௌசல்யா நடைபாதையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

என்ன கையெழுத்து என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மலையாள மண்ணுக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த ஒரு கட்டடத்தை வாங்கி, திருநெல்வேலிக்காரர் வன்னியபெருமாள் ஒரு தியேட்டர் தொடங்கினார். தன் ஊர் அம்மன் காந்திமதியின் பேரையே அதற்கு வைத்தார். அது நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல் என்று கிளை விட்டு, இப்போது கழக்கூட்டத்தில் ஐந்து திரைகளோடு நிற்கிறது. கழக்கூட்டம் முழுக்க முழுக்க மகள் கௌசல்யாவின் பிடிவாதம்.

கட்டடம் எழும்பி முடிவதற்குள் வடக்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. நான்கு ஊர்த் தியேட்டர்களையும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று, வீட்டார் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு கடிதம் கொடுத்தது. அண்ணன் மகாராஜா விற்றுவிடலாம் என்றார். அப்பாவோ, "கௌசல்யா என்ன முடிவெடுக்காளோ அதுதான் என் முடிவு" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

கடிதத்துக்குக் கெடு இன்று மாலை ஐந்து மணி.

அன்றைக்கு நடைபாதையில் கௌசல்யாவும் சும்மா நிற்கவில்லை. போகிற காரைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை கழக்கூட்டத்துல மொதல் ஷோ ஒழுங்கா நடக்கலன்னா, நானே வந்து கையெழுத்துப் போடுதேன். போதுமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

*

காலை ஒன்பது மணிக்குள் கௌசல்யா மூன்று சண்டை போட்டு முடித்திருந்தாள். பாப்கார்ன் மெஷின் முதல் பொரியைக் கருக்கியிருந்தது. லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. வாசலில் செவ்வந்தி மாலை கட்ட வந்தவர் பெயர்ப்பலகையில் 'காந்தி'யை மறைத்து 'மதி'யை மட்டும் விட்டிருந்தார்.

ஐந்து திரைகளில் இன்று திறப்பது ஒன்றுதான். மற்ற நான்கில் நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடும், மெஷின்கள் வந்த பெட்டியோடும் கிடந்தன. அவை ஓணத்துக்கு. முதல் காட்சி பத்தரைக்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளுக்கும் டிக்கெட் விற்றுவிட்டது. பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றாமல் இப்போதே வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே படம் சாலை காந்திமதியிலும் பதினோரு மணிக்கு வெளியாகிறது. அதனால் அண்ணன் அங்கேதான் இருப்பார், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று கௌசல்யா நினைத்திருந்தாள்.

ஒன்பதேகாலுக்கு அவர் கார் உள்ளே வந்தது.

மகாராஜா வேட்டியில் இருந்தார். நெற்றியில் சந்தனம். கூடவே ஜெபசிங் இறங்கினார். சாலை தியேட்டரில் முப்பத்தைந்து வருடமாக ஆபரேட்டர். படச்சுருள் ஓடிய காலத்திலிருந்து கம்ப்யூட்டர் ஓட்டுகிற காலம்வரை அந்த அறையை விட்டு வெளியே வராதவர். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் மகாராஜா. தங்கை முகத்தைப் பார்க்காமல், மாடியில் புரொஜெக்டர் அறை இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ம். ஜெபசிங் அண்ணன் எதுக்கு இங்க? சாலைல ஷோ இருக்கே."

"அங்க எல்லாம் ரெடி பண்ணி வச்சாச்சு. மேனேஜர் பத்மஜா பாத்துக்கிடுவா."

ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற ஜெபசிங் இன்று தரையைப் பார்த்து நின்றார். எட்டு நாள் கோபம் கௌசல்யாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அண்ணன் வந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கேன்டீன் பக்கம் நடந்தாள்.

பின்னாலேயே அப்பாவின் கார் வந்தது. வன்னியபெருமாளுக்கு எழுபத்து நான்கு வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. நுழைவாசலைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். எதையும் கேட்கவில்லை.

அவர் கேட்க வேண்டியதைப் போன வாரமே சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டார்.

"தாய்வீட்டு மெஷின எப்பம்மா கொண்டு போறிய?"

அது அந்தக் குடும்பத்து வழக்கம். நெய்யாற்றின்கரைத் தியேட்டர் திறந்தபோது, சாலை தியேட்டரின் புரொஜெக்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அதில்தான் முதல் காட்சியை ஓட்டினார்கள். அன்று சாலைக்கு விடுமுறை. மறுநாள் மெஷின் வீடு திரும்பியது. ஆற்றிங்கலிலும் அப்படித்தான். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணோடு பிறந்த வீட்டு விளக்கு போவதில்லையா, அந்த மாதிரி என்பார் வன்னியபெருமாள்.

கௌசல்யா அப்போது கணக்காகப் பதில் சொன்னாள். "இப்ப அது மெஷினே இல்லப்பா. ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதத் தூக்கிட்டு அலைய முடியாது."

"சரிம்மா. காலம் மாறிட்டு" என்றார் அப்பா. ரசஞ்சோறு பாதி இருக்கும்போதே கையைக் கழுவினார்.

அதை மகாராஜாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஒன்பது நாற்பத்தைந்துக்கு மேனேஜர் ஷீனா மாடியிலிருந்து ஓடி வந்தாள். லிஃப்டை நம்பாமல் படியில் வந்ததில் மூச்சு வாங்கியது.

"சேச்சி, கீ எடுக்குந்நில்லா."

"எடுக்கலன்னா?"

"ரெண்டு தடவ போட்டு நோக்கி. ரிஜெக்ட்."

இந்தக் காலத்துப் புதுப்படம் சுருளாக வருவதில்லை. பூட்டுப் போட்டு, ஒரு டிஸ்க்கில் வருகிறது. அதை முந்தின நாளே மெஷினில் ஏற்றி வைத்துவிடுவார்கள். பூட்டைத் திறக்கும் சாவி மட்டும் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் மெயிலில் வரும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பருக்கென்று செய்த சாவி வேறு எந்த மெஷினிலும் நுழையாது.

கௌசல்யா ஸ்ரீகண்டனுக்குப் போன் போட்டாள். படத்தை வெளியிடும் கம்பெனியின் ஆள், ஸ்ரீவராகத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் விதியை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார்.

"சாவி சரியாத்தான் இருக்கு, லேப்ல கேட்டுட்டேன்" என்றார். "மெஷின் நம்பரை நீங்க தப்பா எழுதிக் குடுத்திருக்கேளோ என்னமோ."

"ரெண்டு தடவ பாத்து நானே எழுதினது சார்."

"புதுச் சாவி பண்ணணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும். இன்னைக்கு ரிலீஸ். எல்லாரும் வரிசைல நிக்கறா."

இரண்டு மணி நேரம் கழித்து என்றால் பன்னிரண்டு மணி. அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள். போகிற வழியில் ஊர் முழுக்க எழுதிவிடுவார்கள். ஐந்து மணிக்கு அவள் ஒரு பேனாவைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும். கௌசல்யாவுக்கு அழுகை வந்தது. ஆனால் ஷீனா எதிரில் நின்றாள்.

போனைக் கீழே வைக்குமுன் அது மறுபடி அடித்தது. சாலையிலிருந்து பத்மஜா.

"மேடம், இவிட கீ கேறுந்நில்லா. மகாராஜா சார் போனும் எடுக்கலை. நான் எந்து செய்யும்?"

"அங்கேயுமா?"

ஒரு தியேட்டரில் சாவி நுழையாவிட்டால் அது கௌசல்யாவின் தப்பாக இருக்கலாம். ஒரே காலையில் இரண்டு தியேட்டரில் நுழையாவிட்டால்?

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள்.

*

புரொஜெக்டர் அறையில் ஏ.சி. குளிர்ந்தது. புது மெஷின் ஒரு சின்ன யானைக்குட்டி அளவுக்கு நின்றது. அதன் விலாவில் செருகியிருக்கும் பெட்டிதான் படத்தை உள்ளே வைத்திருக்கும். அந்த நம்பரும் சாவியும் எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான். நேற்று சாயங்காலம் கௌசல்யா மெல்லிய துணியால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது அதில் குங்குமம் இருந்தது.

மேலே இன்றைய ஈரக் குங்குமம். அதற்கடியில் பத்து ஆயுத பூஜைகளின் காய்ந்த குங்குமம். கைப்பிடியில் மஞ்சள் கறை. ஓரத்தில் தேங்காய்த் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்த ஓர் ஆணி. அந்த ஆணியைக் கௌசல்யாவுக்கு நன்றாகத் தெரியும்; அது சாலைப் பெட்டி.

"ஜெபசிங் அண்ணே."

மூலையில் நின்றவர் முன்னால் வந்தார். "ஏசணும்னா என்ன ஏசு பாப்பா. மொதலாளி மேல கோவப்படாத."

"எப்ப?"

"விடியக் காலம் நாலு மணிக்கு வந்து எழுப்புனாவ. பெட்டியக் கழட்டுனோம். பழவங்காடில நிறுத்தி பிள்ளையாருக்குத் தேங்கா விட்டோம். அஞ்சரைக்கு இங்க வந்து மாட்டுனோம்." அவர் எச்சில் விழுங்கினார். "சாலைக்காரங்கள பட்டினி போடப்பிடாதுல்லா. அதனால இங்க இருந்த புதுசக் கொண்டு போயி அங்க மாட்டிட்டோம். ரெண்டு எடத்துலயும் கல்யாணம் பண்ணி வச்சாச்சு. டிரெய்லர் கண்ணாடி மாதிரி ஓடுச்சு பாப்பா."

பெட்டியையும் புரொஜெக்டரையும் சேர்த்து வைக்கிற வேலைக்கு அந்தத் தொழிலில் கல்யாணம் என்றுதான் பேர். அதை ஜெபசிங் பிழையில்லாமல் செய்திருந்தார். டிரெய்லருக்குப் பூட்டுக் கிடையாது என்பதால் அது எங்கேயும் ஓடும்.

"சாவி?"

"சாவி தியேட்டருக்கு வருதுன்னுல்லா நெனச்சேன். நான் இருந்த எடத்துல என் மெஷின் இருந்துச்சு. சாவி வந்துச்சு, போட்டேன். மெஷின் எடம் மாறினா என்னாகும்னு எனக்கு என்ன தெரியும்?"

முப்பத்தைந்து வருடம் ஒரே அறையில் இருந்த மனிதரைக் கோபித்து என்ன பயன்? கௌசல்யா திரும்பினாள். வாசலில் மகாராஜா நின்றார். சாவி விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

எட்டு நாளாக அடக்கி வைத்தது அப்படியே வெளியே வந்தது.

"மொதல் ஷோ நடக்கலன்னா கையெழுத்துப் போடுதேன்னு நான் சொன்னேன்லா. அதுக்காகவா அண்ணே?"

மகாராஜாவின் முகம் சுண்டிப் போயிற்று.

"நீ அப்படி நெனச்சிட்டியா கௌசி?"

"வேற எப்படி நெனைக்க?"

"விக்கலாம்னு சொன்னது நான்தான். இல்லங்கல. ஆனா விக்கப்போற வீடா இருந்தாலும், இன்னைக்கு நம்ம பேருலதான தெறக்குது? தாய்வீட்டு மெஷின் இல்லாம காந்திமதி தெறந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது. அன்னைக்கு அப்பா பாதிச் சோத்துல எந்திச்சாவ. எனக்கு அது தாங்கல. உன்கிட்ட சொன்னா நீ விட மாட்ட. ஒரு ஷோ ஓடட்டும், ராத்திரி மாத்திருவோம்னு பாத்தேன்."

கௌசல்யாவுக்கு, தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

அப்போது அப்பா வந்தார். எதற்கு எல்லாரும் மேலே ஓடுகிறார்கள் என்று பார்க்க வந்தவர், உள்ளே நுழைந்ததும் நின்றார். பெட்டியைப் பார்த்தார். அந்தத் துருப்பிடித்த ஆணியை விரலால் தடவினார்.

"கொண்டாந்துட்டியாடே?" என்றார் மகனிடம். கண் கலங்கியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பினார். "ஓடுமாம்மா?"

"ஓடும்ப்பா" என்றாள் கௌசல்யா.

எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவிடம் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

*

ஷீனா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் எஃப் வரிசையில் உட்கார வைத்தாள். மணி பத்து பதினாறு. கீழே கதவு திறந்து கூட்டம் உள்ளே வரும் சத்தம் கேட்டது.

"நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்று மகாராஜா கார்ச் சாவியைத் தேடினார்.

"இந்நேரம் வழியில ஸ்ரீகார்யத்தத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகும். போயி, கழட்டி, திரும்பி வந்து..." கௌசல்யா சட்டென்று நின்றாள். அண்ணன் கையில் இருந்த கார்ச் சாவியைப் பார்த்தாள்.

"இங்கன வந்த சாவி எந்தப் பெட்டிக்கு?"

"புதுசுக்கு."

"அது எங்க இருக்கு?"

"சாலைல."

"சாலைக்குப் போன சாவி?"

ஜெபசிங்தான் முதலில் வாயைத் திறந்தார். "இந்தா நிக்கில்லா, இதுக்கு."

"அண்ணே, நீ மெஷின மாத்துன. சாவிய மாத்தல. அவ்வளவுதான். நமக்கு வந்தத பத்மஜாவுக்கு அனுப்புவோம். அவளுக்கு வந்தத இங்க வாங்குவோம்."

"பொண்ணக் குடுத்துப் பொண்ண எடுத்த மாதிரி" என்றார் ஜெபசிங்.

மகாராஜா போனை எடுத்துவிட்டார். "சரி, பத்மஜாட்ட சொல்லுதேன். இங்கயும் ஒடனே போடச் சொல்லு."

"இரு. ஸ்ரீகண்டன் சார்ட்ட கேக்கணும்."

"அந்த ஆளுட்டயா? அவரு விடிய விடிய சட்டம் பேசுவாரே கௌசி. போட்டுட்டுப் பெறவு சொல்லுவோம்."

"மொதல் நாளே ஒளிச்சு மறச்சுத் தெறக்கணுமா? எது எங்க ஓடுச்சுன்னு மெஷினே எழுதி வச்சுக்கும். திங்கக்கெழம தெரியத்தான் போகுது. காந்திமதிக்குப் படம் குடுக்க யோசிப்பாங்க."

அவள் ஸ்ரீகண்டனிடம் எதையும் மறைக்கவில்லை. லாரியில் மெஷின் போன காலத்திலிருந்து தொடங்கி, பழவங்காடித் தேங்காய் வரைக்கும் சொன்னாள்.

"இப்படி ஒண்ணை நான் சர்வீஸ்லயே கேட்டதில்லை" என்றார் கடைசியில். "நானா சரின்னு சொல்ல முடியாது. மேல கேக்கணும். பத்து நிமிஷம் குடுங்கோ. அதுவரைக்கும் தொடப்படாது. கேட்டேளா?"

மணி பத்து இருபத்தெட்டு.

*

பத்தரை ஆனது. டிரெய்லர்கள் முடிந்து, திரை வெறும் வெள்ளையாக நின்றது. ஒருவன் விசிலடித்தான். பின்வரிசையில் கைதட்டல் தொடங்கியது. அது நல்ல கைதட்டல் இல்லை.

கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கௌசல்யா, திரைக்கு முன்னால் ஒரு வேட்டி நடப்பதைக் கண்டாள். மகாராஜா. கையில் மைக்.

கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேசக் கூப்பிட்டால்கூடப் பந்திக்கு ஓடிவிடுகிற மனிதர் அவர்.

"எல்லாரும் ஒரு பத்து மினிட் க்ஷமிக்கணும்" என்று மலையாளத்தில் தொடங்கினார். "தெற்று என்டேதாணு." தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு சொன்னார். மலையாளத்தில் போய், நடுவில் தமிழில் விழுந்து, எழுந்து மறுபடி மலையாளத்தில் நடந்தார். அரிசிக் கிட்டங்கியைச் சொன்னார். லாரியில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் பத்து வயதில் தான் உட்கார்ந்து போனதைச் சொன்னார். மெஷினுக்கு வழியில் குளிரும் என்று அப்பா தன் போர்வையை வாங்கி அதற்குப் போர்த்தியதைச் சொன்னார். இன்றைக்கு விடியற்காலையில் தங்கைக்குத் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததையும், தொழில் தெரிந்த தங்கை இப்போது மேலே நின்று தன்னை ஏசிக்கொண்டிருப்பதையும் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. கழுத்துப் பட்டைப் பிள்ளைகள் மேல்நோக்கித் திரும்பிக் கண்ணாடித் துளைக்குக் கையசைத்தார்கள்.

"சேட்டா, படம் பதுக்கெ மதி. பாக்கி கத பற" என்று ஒரு குரல் கேட்டது. படம் மெதுவாக வரட்டும், மீதிக் கதையைச் சொல்லுங்கள் என்றது.

எஃப் வரிசையில் வன்னியபெருமாள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மேலிருந்து தெரியவில்லை.

பத்து முப்பத்தேழுக்கு ஸ்ரீகண்டன் கூப்பிட்டார்.

"போட்டுக்கோங்கோ. ஆனா ஒரு கண்டிஷன். சாவி அடுத்த வியாழக்கிழமை வரைக்கும். அதுவரைக்கும் ரெண்டு பெட்டியும் இருக்கற எடத்தை விட்டு அசையப்படாது. இத்தனையும் எழுதி ஒரு மெயில் அனுப்பிடணும்."

"அனுப்புறேன் சார். ரொம்ப..."

"அப்புறம் ஒண்ணு. அந்தப் பெட்டிக்குத் தேங்காய்த் தண்ணி விடறதை நிறுத்துங்கோ. எலக்ட்ரானிக்ஸ் ஆக்கும் அது."

பத்மஜா அனுப்பிய சாவியை ஷீனா ஏற்றினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெபசிங் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பிறகு அந்தச் சின்ன விளக்கு பச்சையானது.

பத்து முப்பத்தொன்பது. திரையில் குத்துவிளக்கும் அதற்குக் கீழே 'காந்திமதி' என்ற பேரும் வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். இந்த முறை நல்ல கைதட்டல். பதினோரு மணிக்கு, சாலையிலும் படம் தொடங்கிவிட்டது என்று பத்மஜா செய்தி அனுப்பினாள்.

கௌசல்யா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜெபசிங் பார்க்காதவர் மாதிரி ஒரு சுத்தமான மேஜையை மறுபடி துடைத்தார்.

*

நாலரை மணிக்குக் கேன்டீனில் இடம் கிடைத்தது. இரண்டு காட்சி முடிந்து மூன்றாவதுக்குக் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் பழம்பொரி.

"அண்ணே, அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கப்பிடாது."

"எந்த வார்த்த?" என்று ஒரு பழம்பொரியை எடுத்தார். மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மறந்த மாதிரி இருந்தார்.

கௌசல்யா கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வார்த்தயும் இருக்கு. ஷோ ஒழுங்கா நடக்கலன்னா கையெழுத்துப் போடுதேன்னு சொன்னது. ஒம்பது நிமிஷம் லேட்டு. சொன்னது சொன்னதுதான். கடிதத்த எடு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை.

மகாராஜா மெதுவாக மென்று விழுங்கினார்.

"அந்த ஒம்பது நிமிஷமும் நான்லா பேசினேன். கைதட்டினாங்களா இல்லையா?"

"தட்டினாங்க."

"அப்பம் அதுவும் ஷோலதான் சேத்தி."

அவர் போன் அடித்தது. தியேட்டர்களை வாங்க வந்த வடக்குக் கம்பெனியின் வினய். ஐந்து மணி நெருங்குகிறது, கடிதம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். மகாராஜா எழுந்துகூடப் போகாமல் அங்கேயே பேசினார்.

"இல்ல சாரே, இன்னைக்குப் பற்றில்லா. எங்க மெஷின் வீட்டுல இல்ல... ஆமா, வேற வீட்டுக்குப் போயிருக்கு. அது திரும்பி வராம எதையும் எழுதிக் குடுக்க முடியாது. எங்க வழக்கம் அப்படி. வியாழக்கிழம ஆகும்." கொஞ்சம் கேட்டார். "கெடு முடிஞ்சிருமா? முடியட்டும். கொழப்பமில்ல."

போனைக் கவிழ்த்து வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். எட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கௌசல்யாவுக்கு எழுந்து போய்விட்டது.

மகாராஜா சட்டைப்பையிலிருந்து நீளமான ஓர் உறையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். சிரிப்பு நின்றிருந்தது.

"இந்தக் கடிதத்த நீயே வச்சிக்கோ. கிழிக்கணும்னாலும் பிரிச்சுப் பாத்துட்டுக் கிழி."

"எதுக்கு?"

அவர், பாப்கார்ன் மறுபடி கருகுகிறது என்று எழுந்து போனார். பாப்கார்ன் கருகவில்லை.

கௌசல்யா உறையோடு புரொஜெக்டர் அறைக்கு ஏறினாள். ஜெபசிங் மூன்றாம் காட்சியைத் தொடங்கிக்கொண்டிருந்தார். மெஷினின் வெளிச்சத்தில் தாளைப் பிரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கோடுகள். மூன்றாவது காலியாக இருந்தது, அது அவளுக்கு. இரண்டாவதில் அண்ணன், எட்டு நாளைக்கு முந்திய தேதி போட்டு.

முதல் கோடும் காலியாக இல்லை.

அந்த எழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பள்ளிக்கூட மார்க் அட்டைகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 'ள்' எழுதி, வாலை அடியில் நீளமாக இழுத்துவிடுகிற வன்னியபெருமாள். தேதி அண்ணனுக்கும் பத்து நாள் முந்தியது. கௌசல்யாவின் முடிவுதான் என் முடிவு என்று எல்லார் முன்னாலும் சொன்னதற்கும் முந்தியது.

கண்ணாடித் துளை வழியாகக் கீழே பார்த்தாள். எஃப் வரிசையில் அப்பா மூன்றாவது காட்சிக்கும் உட்கார்ந்திருந்தார். பேர் போடும்வரைதான் பார்ப்பார், அப்புறம் தூங்கிவிடுவார். திரையில் குத்துவிளக்கு வந்தது. அதற்கடியில் 'காந்திமதி' வந்தது. எல்லாருக்கும் முன்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அவர் கைதட்டினார்.

அப்பா போட்டதால்தான் அண்ணனும் கையெழுத்துப் போட்டார் என்பது கௌசல்யாவுக்கு இப்போது புரிந்தது. அப்பா ஏன் போட்டார் என்பது புரியவில்லை.